அரியரின் வரலாறு

எழுநூற்று ஐம்பதுக்கு 282. 1907-இல் பம்பாயில் மெட்ரிகுலேஷன் தேறியபோது பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் வாங்கிய மதிப்பெண் இதுதான். சதவீதமாகச் சொன்னால் 37.6. தீண்டப்படாத சாதியிலிருந்து ஒரு பையன் மெட்ரிக் தேறியதே அன்றைக்குச் சேதி. அதற்காகக் கூட்டம் கூட்டிப் பாராட்டினார்கள். கேலுஸ்கர் என்ற ஆசிரியர் தான் எழுதிய புத்தர் வரலாற்றை அந்தப் பையனுக்குப் பரிசாகக் கொடுத்தார். பின்னால் அதே கேலுஸ்கர்தான் அவரைப் பரோடா மன்னரிடம் அழைத்துப்போய் மாதம் 25 ரூபாய் உதவித்தொகைக்கு வழிசெய்தார். 1912-இல் பி.ஏ., 1913-இல் மாதம் பதினொன்றரைப் பவுண்டு உதவித்தொகையோடு கொலம்பியா பல்கலைக்கழகம். அதற்குப் பிறகு நடந்ததை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாம் பேசாமல் விடுவது அந்த 282-ஐத்தான். படத்துக்கு மாலை போடுகிறோம், அவர் வாங்கிய பட்டங்களை வரிசையாக ஒப்பிக்கிறோம். ஆனால் 37.6 சதவீதத்துக்கும் கொலம்பியாவுக்கும் நடுவில் யார் யார் நின்றார்கள், யார் பரிந்துரைத்தார்கள், யார் பணம் கட்டினார்கள் என்று கேட்பதில்லை. கேட்டால் ‘தகுதி, திறமை’ என்று 1990 முதல் நம் காதில் ஓதப்படும் மந்திரத்தின் உள்கூடு தெரிந்துவிடும்.

சில ஆண்டுகளாக நம் பிள்ளைகள் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடும்போது உடன் உட்கார்ந்து உதவுகிற வேலையைச் செய்துவருகிறேன். அதிலும் கணிப்பொறி அறிவியல்தான் அதிகம். வருகிற பிள்ளைகளின் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “அண்ணே, எனக்கு ஏழு அரியர் இருந்துச்சு. எல்லாத்தையும் கிளியர் பண்ணிட்டேன். ஆனா சி.ஜி.பி.ஏ. ஆறு பாயிண்ட் ஒண்ணுதான். எம்.டெக்., பி.எச்டி.ன்னு நெனைக்கவாவது செய்யலாமா?” கேட்கும்போதே குரல் இறங்கிவிடுகிறது. கேம்பஸ் வேலைக்கு வரும் கம்பெனிக்காரர்கள் ‘நோ ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்’ என்று அறிவிப்பில் போடுவார்கள். இப்போது அரியர் இல்லாமலிருந்தால் மட்டும் போதாது, அரியரின் வரலாறே இருக்கக்கூடாது. வரலாறு இல்லாதவனாக வா என்கிறார்கள். நமக்கு எப்போதும் சொல்லப்படுவதுதானே அது. சரி, அந்த வரலாற்றையே எழுதிப் பார்ப்போம்.

கணிப்பொறி அறிவியல் என்ற படிப்புக்கு வயது அதிகமில்லை. அமெரிக்காவில் இதற்கென்று முதல் துறை 1962-இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் உருவானது. அந்த நாட்டில் கணிப்பொறி அறிவியலுக்கான முதல் முனைவர் பட்டங்கள் 1965-இல்தான் வழங்கப்பட்டன. அப்போது உள்ளே வந்தவர் எவரிடமும் இந்தப் பாடத்தில் ‘நல்ல ரெக்கார்டு’ கிடையாது. பாடமே இல்லாதபோது மதிப்பெண் எங்கிருந்து வரும்? கணிதம், இயற்பியல், மின்பொறியியல் படித்தவர்கள் வந்தார்கள். எந்திரத்தின் பக்கத்தில் உட்கார யாருக்கு வாய்ப்புக் கிடைத்தது என்பதுதான் அன்றைய நுழைவுத் தேர்வு.

இதைப் புரிந்துகொள்ள கிளாரன்ஸ் எல்லிஸின் கதை உதவும். சிகாகோவின் தெற்குப் பகுதியில் 1943-இல் பிறந்த கறுப்பர். தாய் ஒற்றை ஆளாக ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். 1958-இல், பதினைந்து வயதில், குடும்பத்துக்காக ஒரு கம்பெனியில் இரவுக் காவல் வேலைக்குப் போனார். அங்கே புதிதாக வாங்கிய கணிப்பொறி ஒன்று இருந்தது. திருடன் வராமல் பார்த்துக்கொள், எந்திரத்தைத் தொடாதே என்பது உத்தரவு. தொடவில்லை. அதனோடு வந்த கையேடுகளை ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தார். ஒரு நாள் துளையட்டைகள் தீர்ந்துபோய் கம்பெனி முழித்தபோது, பழைய அட்டைகளையே மறுபடி பயன்படுத்தும் வழி அந்தக் காவல்காரப் பையனுக்குத்தான் தெரிந்திருந்தது. பிறகு ஆசிரியர்களின் தூண்டுதலால் பெலாய்ட் கல்லூரிக்குப் போனார். அந்தக் கல்லூரிக்கு நன்கொடையாக வந்த ஐ.பி.எம். 1620 எந்திரத்தை ஒரு வேதியியல் பேராசிரியரோடு சேர்ந்து இயங்க வைத்தார். 1969-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர். ஒரே ஆவணத்தைப் பலர் ஒரே நேரத்தில் திருத்தும் வசதியை இன்று எல்லோரும் பயன்படுத்துகிறோமே, அதற்கு அடிப்படை போட்ட ஆய்வுகளில் ஒன்று 1989-இல் அவர் இன்னொருவரோடு சேர்ந்து எழுதியது. 2014-இல் மறைந்தார்.

எல்லிஸ் மார்க் குறைந்தவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது மார்க் இல்லை என்கிறேன். எந்திரம் இருந்த அறையின் சாவி அவரிடம் இருந்தது, கையேடு எட்டும் தூரத்தில் இருந்தது, ‘இந்தப் பையன் ஆளாவான்’ என்று சொல்ல இரண்டு மூன்று பேர் இருந்தார்கள்.

அதே ஐ.பி.எம். 1620 எந்திரம் 1963 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு வந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒன்பது சேர்ந்து கான்பூரைத் தத்தெடுத்திருந்த காலம். இந்தியாவில் கணிப்பொறிப் படிப்பின் தொட்டில் என்று அதைச் சொல்வார்கள். அந்தத் தொட்டிலில் நம் பிள்ளை இருந்திருக்க வழி உண்டா? ஐ.ஐ.டி.களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு 1973-இல்தான் நடைமுறைக்கு வந்தது. காரக்பூர் ஐ.ஐ.டி. தொடங்கியது 1951-இல். இருபத்திரண்டு ஆண்டுகள் மக்கள் பணத்தில் நடந்த நிறுவனங்களின் கதவு நமக்குச் சட்டப்படி திறக்கவில்லை. ஜெர்மானிய உதவியில் வளர்ந்த சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 என்ற பெரிய எந்திரம் வந்ததும் அதே 1973-இல்தான். எந்திரமும் நாமும் ஒரே வருஷம் உள்ளே போயிருக்கிறோம். எந்திரத்துக்குக் குளிரூட்டிய அறை கொடுத்தார்கள்.

கான்பூரில் கணிப்பொறி அறிவியலில் பி.டெக். 1970களின் இறுதியிலும், சென்னையில் 1983-இலும் வந்தன. அதற்கு முன்பே முதுநிலைப் படிப்பு இருந்தது. இந்த முன்பின்னைக் கவனிக்க வேண்டும். இளநிலைப் பட்டமே இல்லாத துறையின் முதுநிலைக்கு வேறு துறைக்காரர்கள்தான் வந்தாக வேண்டும். சிவில் படித்தவர், மெக்கானிக்கல் படித்தவர், கணிதம் படித்தவர் எல்லாம் வந்து கற்றுக்கொண்டார்கள். அவர்களில் பலர் பின்னாளில் பேராசிரியர்கள் ஆனார்கள். ‘அடிப்படை இல்லாதவன் எப்படித் தாக்குப்பிடிப்பான்?’ என்று அப்போது யாரும் கேட்கவில்லை. 1991-க்குப் பிறகு இந்தப் படிப்பில் பணம் கொட்டத் தொடங்கியது. கவுன்சிலிங்கில் முதலில் நிரம்பும் படிப்பாக அது மாறியது. அடிப்படை, ரெக்கார்டு, கன்சிஸ்டன்சி என்ற சொற்கள் வாசலில் வந்து நின்றதும் அப்போதுதான்.

வாசலில் ஆள் நிறுத்துவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி உத்தரவில் பதினான்கு இடங்களுக்கு இரண்டு இடம் ‘அரிசனங்களுக்கு’ என்று இருந்தது. மருத்துவம், பொறியியல் இரண்டுக்கும் அதுவே கணக்கு. அதை எதிர்த்துச் சண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவைச் செல்லாது என்றது. வேடிக்கை என்னவென்றால் அந்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. போடாத விண்ணப்பம் தகுதியின் அடையாளமானது. எழுந்த எதிர்ப்பில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அதே ஆண்டு வந்து நிலைமையை ஓரளவு மீட்டது. அமெரிக்க ஆய்வாளர் அஜந்தா சுப்பிரமணியன் சென்னை ஐ.ஐ.டி.யை மையமாக வைத்து 2019-இல் ஒரு நூல் எழுதினார். உயர்சாதியினர் தம் பரம்பரைச் சொத்தைச் சாதியற்ற ‘தகுதி’யாக எப்படி மாற்றிக்கொண்டார்கள் என்பதை அது விரிவாகச் சொல்கிறது. நம் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டிய புத்தகம்.

இப்போது உள்ள வாசலுக்கு வருவோம். எம்.டெக்.குக்கு ‘கேட்’ தேர்வு. அதில் பட்டியல் சாதியினருக்கான தகுதி மதிப்பெண் பொதுப்பிரிவு மதிப்பெண்ணில் மூன்றில் இரண்டு பங்கு. 2024-இல் கணிப்பொறித் தாளில் பொதுப்பிரிவுக்கு 27.6, நமக்கு 18.4. இதைக் காட்டித்தான் ‘பதினெட்டு மார்க் எடுத்தவன் ஐ.ஐ.டி.யில் படிக்கிறான்’ என்று பேசுவார்கள். பொய். 18.4 என்பது சான்றிதழ் கைக்கு வருவதற்கான எல்லை மட்டும்தான். கணிப்பொறித் துறையில் இடம் கிடைக்க அதற்கு எவ்வளவோ மேலே போக வேண்டும், ஒதுக்கீட்டு இடத்துக்கும் சேர்த்துத்தான். அதோடு பட்டப்படிப்பின் மதிப்பெண் ஒரு தனி வேலி. பல ஐ.ஐ.டி.களில் பொதுப்பிரிவுக்கு 60 சதவீதம், நமக்கு 55. எங்கள் பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஏன் விழுகிறார்கள்? அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் படித்த எவரையும் கேளுங்கள். எம்-ஒன், எம்-டூ, எம்-த்ரீ என்று கணிதத் தாள்கள் வரிசையாக நிற்கும். ஆதிதிராவிடர் நலப்பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு முதல் செமஸ்டரிலேயே ஆங்கிலத்தில் வகுப்பு. வாத்தியார் போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டே போவார். “மச்சான், எம்-ஒன்ல கப்பு” என்று சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார்கள். அந்த ஒன்று அடுத்த செமஸ்டரின் தலையில் ஏறும். ஒரே வாரத்தில் புதிய தாள்கள் ஐந்தாறு, பழைய தாள்கள் இரண்டு. உதவித்தொகை தாமதமாக வரும், கல்லூரி ஃபீஸ் கேட்டுப் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டும். ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போக வேண்டும். மூன்றாம் வருஷத்தில் பிடி கிடைத்துவிடும். புரோகிராமிங் தாளில் எண்பதுக்கு மேல் எடுப்பான். ஆனால் முதல் முயற்சியிலேயே எல்லாத் தாளும் தேறியவனுக்குத்தான் டிஸ்டிங்ஷன் என்பது விதி. கடைசி நான்கு செமஸ்டரில் என்ன சாதித்தாலும் முதல் இரண்டின் தழும்பு போகாது.

சராசரி என்ற கணக்கு இப்படிப்பட்டது. எங்கே தொடங்கினான், எங்கே வந்து சேர்ந்தான் என்பதை அது அழித்துவிடும். எட்டில் தொடங்கி ஆறுக்கு இறங்கியவனும், நாலில் தொடங்கி எட்டுக்கு ஏறியவனும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

இத்தனையும் தாண்டி உள்ளே போனவர்களுக்கு வாசல் அங்கேயும் தொடர்கிறது. சேலம் மாவட்டத்தில் பன்றி வளர்க்கும் பன்னியாண்டி சமூகத்திலிருந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போன செந்தில்குமார் 2008 பிப்ரவரியில் விடுதியில் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆய்வுக்கு முந்தைய பாடத் தாளில் தேறாததால் உதவித்தொகை நின்றிருந்தது. ஆய்வு வழிகாட்டி ஒருவர் அவருக்கு ஒதுக்கப்படவேயில்லை. பல்கலைக்கழகம் அமைத்த விசாரணைக் குழு அந்தத் துறையின் விதிகளையே கேள்விக்குட்படுத்தியது. 2015-இல் ரூர்க்கி ஐ.ஐ.டி. சி.ஜி.பி.ஏ. ஐந்துக்குக் கீழ் என்று முதலாண்டு மாணவர்கள் எழுபதுக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றியது. மிகப் பெரும்பாலோர் ஒதுக்கீட்டுப் பிரிவினர். போராட்டமும் வழக்கும் நடந்த பிறகு மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். வெளியேற்றியபோது எண்ணைக் காட்டினார்கள். சேர்த்துக்கொண்டபோது அந்த எண் மாறியிருக்கவில்லை.

2020-இல் ஐ.ஐ.டி. ஆசிரியர் நியமனத்தில் ஒதுக்கீட்டை எப்படி நிறைவேற்றுவது என்று ஆராய ஒன்றிய அரசு ஒரு குழு போட்டது. ஐ.ஐ.டி.களுக்கு ஒதுக்கீட்டிலிருந்தே விலக்குக் கொடுத்துவிடலாம் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு பரிந்துரையும் உண்டு. ஒதுக்கீட்டுப் பிரிவு மாணவர்களை ஆய்வுக்குத் தயார்படுத்த இரண்டாண்டு உதவித்தொகையோடு ஒரு திட்டம் வேண்டும் என்றது. முதல் பரிந்துரை மேல் நாம் கோபப்பட்டது நியாயம். இரண்டாவதை நாம் எடுத்துக்கொண்டு போராடியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. தோழர்கள் சிலர் இதை ஒத்துக்கொள்வதில்லை. ‘தயார்படுத்துவது’ என்றாலே நம்மைக் குறைத்துச் சொல்வது என்கிறார்கள். உயர்சாதிப் பிள்ளைக்குக் கோட்டாவில் இரண்டு வருஷம் கோச்சிங் கொடுத்தால் அதற்குப் பெயர் என்ன?

வெளிநாட்டு வாசல் வேறு மாதிரி. அங்கே கணிப்பொறி முனைவர் படிப்புக்கு ஆளெடுக்கும்போது என்ன பார்க்கிறார்கள் என்று கார்னெகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மோர் ஹார்ச்சால்-பால்டர் ஒரு வழிகாட்டி எழுதியிருக்கிறார். ஆய்வு செய்த அனுபவமும், அதைக் கூட இருந்து பார்த்தவர் எழுதும் பரிந்துரைக் கடிதமுமே பெரிது என்பது அதன் சாரம். ‘இவர் என் வகுப்பில் நன்றாகப் படித்தார்’ என்று மட்டும் சொல்லும் கடிதத்துக்கு மதிப்பு பூஜ்யம் என்கிறார். ஜி.ஆர்.இ. தேர்வையும் 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல கணிப்பொறித் துறைகள் கைவிட்டன. கேட்பதற்கு நமக்குச் சாதகம் போலிருக்கிறது. மார்க் முக்கியமில்லையாமே!

ஆனால் கடிதம் யார் எழுதுவார்? நம் பிள்ளை படித்த கல்லூரியில் ஆய்வு என்று எதுவும் நடப்பதில்லை. பேராசிரியரிடம் போனால், “நீயே டைப் பண்ணிக் கொண்டா, கையெழுத்துப் போடுறேன்” என்பார். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை, அவருக்கும் யாரும் கடிதம் எழுதிக் கொடுத்ததில்லை. மயிலாப்பூர்ப் பையனுக்கு மாமா ஒருவர் அங்கேயே பேராசிரியராக இருப்பார். கோடை விடுமுறையில் அவரது நண்பரின் ஆய்வகத்தில் இரண்டு மாதம். அதுவே ஆய்வு அனுபவம், அதுவே கடிதம். 1920-இல் அம்பேத்கர் மறுபடி லண்டனுக்குப் படிக்கப் போனபோது கொலம்பியாவின் செலிக்மன், லண்டன் பொருளாதாரப் பள்ளியின் பாக்ஸ்வெல்லுக்குக் கடிதம் எழுதினார். முதலில் கேலுஸ்கர், பிறகு செலிக்மன். ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் நின்றிருக்கிறார்.

பணமும் இருக்கிறது. ஒரு விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் 75 முதல் 125 டாலர் கட்டணம். பட்டியல் சாதியினருக்கு ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது, 1950களிலிருந்தே. நாடு முழுவதுக்கும் ஆண்டுக்கு 125 இடம். அதற்கும் முந்தைய பட்டத்தில் 60 சதவீதம் வேண்டும். மார்க்கைப் பெரிதாகப் பார்க்காத பல்கலைக்கழகம் ‘வா’ என்று சொன்னாலும், நம் பெயரில் உள்ள திட்டம் மார்க் போதாது என்று நிறுத்தும். 55 சதவீதக்காரனுக்கு உள்நாட்டில் தளர்வு உண்டு, வெளிநாட்டு உதவித்தொகையில் இல்லை. இது யாருக்கும் உறுத்தவில்லை. 2024-இல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தும் 17,500 ரூபாயை நேரத்துக்குள் கட்ட முடியாமல் இடத்தை இழந்த தலித் கூலித் தொழிலாளியின் மகனுக்கு உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி இடம் கொடுக்க வேண்டியிருந்தது. எத்தனை பேர் டெல்லி வரைக்கும் போவார்கள்?

வந்து கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கேட் தேர்வுக்கு வயது வரம்பில்லை, எத்தனை முறையும் எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டுக்குச் செல்லும். நமக்குக் கட்டணம் பாதி. எம்.டெக். கிடைக்காவிட்டால் அதோடு முடிந்தது என்று நினைக்காதே. ஐ.ஐ.டி.களில் ஆய்வுவழி எம்.எஸ். என்று ஒன்று இருக்கிறது. அழைப்பு வந்துவிட்டால் எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் நீ இன்றைக்கு என்ன தெரிந்து வைத்திருக்கிறாய் என்பதற்கு எடை அதிகம். இன்னொரு வழி, ஆய்வுத் திட்டங்களில் தற்காலிகப் பணியாளராகச் சேர்வது. சம்பளம் குறைவு, பாதுகாப்பு கிடையாது. ஆனால் உன் வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்கும் ஒரு பேராசிரியர் கிடைப்பார். ஒன்றரை வருஷம் கழித்து அவர் எழுதுகிற கடிதம் ‘வகுப்பில் நன்றாகப் படித்தார்’ என்ற கடிதமாக இருக்காது. இந்த வழியில் போன நம் பிள்ளைகளை நான் அறிவேன். விரல்விட்டு எண்ணலாம், ஆனால் இருக்கிறார்கள்.

போன பிறகு சாதி விடும் என்று சொல்லி யாரையும் நான் அனுப்புவதில்லை. 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசின் துறை ஒன்று சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. அங்கே வேலை பார்த்த தலித் பொறியாளர் ஐ.ஐ.டி.யில் ஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்பதை மேலதிகாரி சக ஊழியர்களிடம் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. மேலதிகாரிகள் இருவர் மீதான வழக்கு 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. வழக்கின் முடிவு எப்படியும் போகட்டும். இருபது ஆண்டுக்கு முந்தைய நுழைவுத் தேர்வின் பட்டியல் கடல் தாண்டியும் ஒருவரைத் துரத்தும் என்று படித்தபோது நம்மில் யாருக்கும் ஆச்சரியம் ஏற்படவில்லை, இல்லையா?

அதனால்தான் விண்ணப்பக் கட்டுரை எழுத உட்காரும்போது ஒவ்வொரு வருஷமும் அதே சண்டை வருகிறது. மார்க் ஏன் குறைந்தது என்று எழுத வேண்டும். ‘குடும்பச் சூழ்நிலை’ என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் படிப்பவருக்குச் சாக்குப்போக்காகத் தெரியும். உள்ளதை எழுதினால் சாதி வெளியே வரும். தேர்வுக் குழுவில் நம்மூர்ப் பெயர்கள் இரண்டாவது இருக்கும்.

போன டிசம்பரில் திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். ஒன்பது அரியர், கடைசி இரண்டு செமஸ்டரில் எட்டரைக்கு மேல். பதினைந்தாம் தேதி கடைசி நாள். ஹாஸ்டலில் ஒரே ஹாலில் நாற்பது பேர், ராத்திரி பதினோரு மணிக்கு லைட்டை அணைத்துவிடுவார்கள், அதன் பிறகு செல்போன் வெளிச்சத்தில் புரோகிராம் எழுதிப் பழகினாள். இதை எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். “ஆதிதிராவிடர் ஹாஸ்டல்னு போடவா, வெறும் ஹாஸ்டல்னு போடவா அண்ணே?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முழுப் பெயரையும் டைப் செய்தாள். பிறகு எம்-டூ தாளை மூன்றாவது முறை எழுதித் தேறிய மாதத்தையும் வருஷத்தையும் அதற்குக் கீழே சேர்த்தாள்.